இழை ஒன்று, எண் நான்கு: ஓஎம்பிடி-யிடம் இயங்குதள இழை எண்ணைக் கேட்பது பற்றி

கேள்வி (2024 பிப்ரவரி 6, மாலை)

ஓப்பன்எம்பி (ஒரு நிரலின் வேலையை ஒரே நேரத்தில் ஓடும் பல இழைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தரநிலை) நிரல்களுக்காகச் சிறிய வழுநீக்கக் கருவி ஒன்றை எழுதி வருகிறேன். வழுநீக்கிகளுக்கென அதனுடன் வரும் ஓஎம்பிடி நூலகம் ஒவ்வோர் இழைக்கும் ஒரு கைப்பிடியை (அந்த இழையைக் குறிக்கும் சுட்டியை) தந்துவிடுகிறது. அந்தக் கைப்பிடியைக் கொடுத்து, லினக்ஸில் இது எந்த எல்டபிள்யூபி (இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் இழைக்குக் கொடுக்கும் எண்) என்று ‘ஓஎம்பிடி_கெட்_த்ரெட்_ஐடி’ வழியாகக் கேட்டால் ‘ஆதரவில்லை’ என்ற விடைதான் வருகிறது. ஆனால் எல்டபிள்யூபி எண்ணைக் கொடுத்துக் கைப்பிடியை வாங்கும் எதிர்த்திசை அழைப்பு ஒழுங்காக வேலை செய்கிறது. போகத் தெரிந்தவருக்குத் திரும்பி வரத் தெரியாதா? இது நூலகத்தின் வழு என்பது என் கருத்து. வேறு யாராவது இதைப் பார்த்திருக்கிறீர்களா?

பிப்ரவரி 6, இரவு

பார்த்திருக்கிறேன். நானும் இதே இடத்தில் இரண்டு நாள் தலையை உடைத்துக்கொண்டேன். வழு என்பதைவிடச் சோம்பல் என்றே சொல்வேன். ஓப்பன்எம்பி 5.0 தரநிலை 2018 நவம்பரில் வெளியானபோது இந்த வழுநீக்க இடைமுகமும் அதனுடன் வந்தது. அதில் இழை அடையாளத்துக்கு எத்தனை வகைகள் உண்டு என்பதைச் செயலாக்குபவரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். ஒரு வகைக்கு மட்டும் விடை எழுதிவிட்டு மற்றவற்றுக்கு ‘ஆதரவில்லை’ என்று திருப்பி அனுப்பினாலும் தரநிலையை மீறியதாகாது. வகையை எல்டபிள்யூபி என்பதிலிருந்து பித்ரெட் (சி நூலகம் இழைக்குக் கொடுக்கும் அடையாளம்) என்பதாக மாற்றிக் கேட்டுப் பாருங்கள், விடை வரும். அதை எல்டபிள்யூபி-யாக மாற்றிக்கொள்வது உங்கள் பாடு.

பிப்ரவரி 7, காலை

நேற்றிரவு ‘சோம்பல்’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். எல்எல்விஎம் கம்பைலருடன் வரும் ரன்டைமின் (நிரல் ஓடும்போது இழைகளை நிர்வகிக்கும் நூலகத்தின்) மூலநிரலை இன்று காலை மறுபடி திறந்து பார்த்தேன். கேட்டவரின் புதிருக்கு விடை அங்கேயே இருக்கிறது, ஆனால் நான் நினைத்த வடிவத்தில் இல்லை.

எல்டபிள்யூபி எண்ணைக் கொடுத்துக் கைப்பிடி கேட்கும்போது நடப்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஓஎம்பிடி நூலகம் வழுநீக்கியின் முகவரிப் பரப்புக்குள் ஏற்றப்பட்ட ஒரு பகிர்வு நூலகம். ஆராயப்படும் நிரலின் நினைவகத்தை அதனால் நேரடியாகத் தொட முடியாது. நினைவகத்தைப் படிக்க வேண்டுமானாலும், ஒரு குறியீட்டின் முகவரியைத் தேட வேண்டுமானாலும், ஓர் இழையின் சூழலைப் பிடிக்க வேண்டுமானாலும், வழுநீக்கி தொடக்கத்தில் பதிவு செய்து கொடுத்த கால்பேக் செயற்கூறுகளைத்தான் அது அழைக்கும். நீங்கள் கொடுத்த எண்ணையும் அதன் வகையையும் அது அப்படியே உங்கள் கால்பேக்கிடம் திருப்பிக் கொடுத்து, ‘இந்த எண்ணுக்குரிய இழையின் சூழலைக் கொடு’ என்று கேட்கிறது. நீங்கள் கொடுக்கிறீர்கள். அந்தச் சூழலை வைத்துக்கொண்டு, இழைக்குரிய தனி நினைவகத்தில் உள்ள ‘ஜிடிஐடி’ என்ற மாறியின் முகவரியை மறுபடியும் உங்களிடமே கேட்டு வாங்கி, அதிலுள்ள முழு எண்ணைப் படித்து, ரன்டைமின் இழைப் பட்டியலில் அந்த இடத்துக்குப் போகிறது. அங்கே கிடைக்கும் சுட்டிதான் உங்கள் கைப்பிடியாகிறது.

ஆக, எல்டபிள்யூபி எண்ணை நூலகம் ஒருபோதும் புரிந்துகொள்ளவே இல்லை. புரிந்துகொண்டது உங்கள் வழுநீக்கி. தபால்காரர் உறையின் மேலிருந்த முகவரியைப் படித்தார் என்பதற்காக உள்ளே இருக்கும் கடிதத்தின் மொழி அவருக்குத் தெரியும் என்று நினைத்த கதைதான் இது. கைப்பிடியைக் கொடுத்து எண்ணைக் கேட்கும்போது நூலகத்திடம் இருப்பது ரன்டைம் தன் இழை விவரக் கட்டமைப்பில் எழுதி வைத்த தகவல் மட்டும். அங்கே இருப்பது பித்ரெட் மதிப்பு. எல்டபிள்யூபி எண் அந்தக் கட்டமைப்பில் எங்கும் எழுதப்படவில்லை. இல்லாத ஒன்றை எடுத்துத் தர முடியாது என்பதைத்தான் அது ‘ஆதரவில்லை’ என்ற சொல்லில் நேர்மையாகச் சொல்கிறது.

பிப்ரவரி 7, மதியம்

‘எங்கும் எழுதப்படவில்லை’ என்று மேலே எழுதியபோது கொஞ்சம் கை நடுங்கியது. காரணம், ஒரு காலத்தில் அது அங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று உறுதியாக நம்பி ஒரு வாரம் வீணடித்தவன் நான்.

எல்எல்விஎம் ரன்டைமின் அந்தக் கட்டமைப்பில் அடுத்தடுத்து மூன்று உறுப்புகள் இருக்கின்றன: ‘டிஎஸ்_த்ரெட்’, ‘டிஎஸ்_டிஐடி’, ‘டிஎஸ்_ஜிடிஐடி’. லினக்ஸ் பழக்கத்தில் டிஐடி என்றால் கெர்னல் கொடுக்கும் இழை எண் என்றே கண் படித்துவிடும். நானும் அதைப் படித்தேன், நான்கு இழைகளுக்கும் 0, 1, 2, 3 என்று வந்தது, நினைவகம் சிதைந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். சிதைந்தது நினைவகமன்று. அந்த டிஐடி, குழுவுக்குள் (ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும் இழைகளுக்குள்) அந்த இழையின் வரிசை எண். நிரலுக்குள்ளிருந்து இழை எண்ணைக் கேட்டால் வரும் அதே எண். ஜிடிஐடி என்பது ரன்டைம் தன் முழுப் பட்டியலில் கொடுத்த எண். இயங்குதளத்தோடு தொடர்புடையது முதலாவது உறுப்பு மட்டும்.

இந்தக் கணக்கில் ஓர் இழைக்கு நான்கு எண்கள்: குழு எண், ரன்டைமின் பட்டியல் எண், பித்ரெட் மதிப்பு, எல்டபிள்யூபி. முதலிரண்டும் ரன்டைமின் சொத்து, மூன்றாவது சி நூலகத்தின் சொத்து, நான்காவது கெர்னலின் சொத்து. ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள்.

பிப்ரவரி 7, மதியம், ஐந்து நிமிடம் கழித்து

‘இழையைப் பற்றிய இழை’ என்று தலைப்பிடாமல் விட்டதற்கு என்னைப் பாராட்ட வேண்டும்.

பிப்ரவரி 9

கேட்டவர் வகையை மாற்றிவிட்டு இப்போது ‘தவறான உள்ளீடு’ என்ற விடை வருவதாக எழுதியிருக்கிறார். அவருடைய அழைப்பைப் பார்த்தேன். வகையைப் பித்ரெட் என்று மாற்றியவர், அளவை 4 பைட்டிலேயே விட்டுவிட்டார். கெர்னலின் இழை எண்ணுக்கு 4 பைட் போதும். 64 பிட் லினக்ஸில் பித்ரெட் மதிப்புக்கு 8 பைட் வேண்டும். வகையும் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் இந்த விடை வரும் என்பது தரநிலையிலேயே இருக்கிறது.

இந்த அளவு அளபுருவை நான் முதலில் பார்த்தபோது வெறும் சடங்கு என்று நினைத்தேன். வகை தெரிந்தால் அளவு தெரியாதா? தெரியாது. வழுநீக்கி 64 பிட்டாகவும் ஆராயப்படும் நிரல் 32 பிட்டாகவும் இருக்கலாம். அங்கே பித்ரெட் மதிப்பு 4 பைட். உங்கள் கருவியின் மூலநிரலில் அளவறியும் குறியைப் போட்டு அதை அப்படியே அனுப்பினால், கம்பைலர் உங்கள் கருவியின் அளவைக் கொடுக்கும், நிரலின் அளவைக் கொடுக்காது. கேட்க வேண்டியது நிரலின் அளவு. விடையை வைக்கும் இடத்தையும் நீங்கள்தான் ஒதுக்க வேண்டும். நூலகம் அதில் எழுதும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 10, முற்பகல்

இனி உண்மையான வேலை: பித்ரெட் மதிப்பிலிருந்து எல்டபிள்யூபி-க்குப் போவது.

சரியான வழி, சி நூலகத்துடன் வரும் இழை வழுநீக்க நூலகத்தைக் கேட்பது. பித்ரெட் மதிப்பும் கெர்னல் எண்ணும் ஒரே தகவல் கட்டமைப்பில் அருகருகே கிடைக்கும்படி அதில் செயற்கூறு இருக்கிறது. லினக்ஸின் வழக்கமான வழுநீக்கியான ஜிடிபி இழைகளைப் பட்டியலிடும்போது ஒரு நீண்ட பதினாறடிமான எண்ணையும் அடைப்புக்குறிக்குள் எல்டபிள்யூபி எண்ணையும் சேர்த்துக் காட்டுவது இந்த நூலகத்தின் தயவால்தான். பித்ரெட் மதிப்பு காணாமல் வெறும் எல்டபிள்யூபி மட்டும் தெரிந்தால், ஜிடிபி அந்த நூலகத்தை ஏற்ற முடியாமல் தவிக்கிறது என்று பொருள். அந்த நிலையில் இழைக்குரிய தனி மாறிகளையும் அதனால் தேட முடியாமல் போகலாம். அப்போது எதிர்த்திசை அழைப்பும் ஜிடிஐடி மாறியைப் படிக்க முடியாமல் கால்பேக் பிழை என்று விழும். நான் அதை ஓஎம்பிடி-யின் குறை என்று திட்டியிருக்கிறேன். குறை என் ஜிடிபி அமைப்பில் இருந்தது.

சோம்பேறி வழி, ஜிடிபி-யின் பட்டியலை உரையாக வாங்கி அதிலிருந்து இரண்டு எண்களையும் வெட்டி எடுப்பது. நான் பல மாதங்கள் இப்படித்தான் பிழைத்தேன். இழைக்குப் பெயர் வைக்கும் நிரல் ஒன்று வந்து, அந்தப் பெயருக்குள்ளேயே அடைப்புக்குறியும் எண்ணும் இருந்தபோது என் வெட்டுக்கத்தி தவறான இடத்தில் வெட்டியது. ஜிடிபி-யின் பைத்தான் இடைமுகத்தில் இழைப் பொருளின் அடையாளம் மூன்று எண்களாகவே கிடைக்கிறது, அதில் நடுவிலிருப்பது எல்டபிள்யூபி. பித்ரெட் மதிப்பையும் பைட்களாகத் தரும் முறை ஒன்று அதே பொருளில் இருக்கிறது. உரையை வெட்டத் தேவையே இல்லை என்பதைத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன்.

மூன்றாவது ஒன்றும் உண்டு, அதைத் திருட்டு வழி என்றே சொல்வேன். லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சி-யில் பித்ரெட் மதிப்பு என்பது உண்மையில் அந்த இழையின் உள்விவரக் கட்டமைப்பின் முகவரி. எக்ஸ்86-64 (64 பிட் இன்டெல், ஏஎம்டி) செயலிகளில் அந்த முகவரியிலிருந்து 720 பைட் தள்ளிப் பார்த்தால் கெர்னல் கொடுத்த இழை எண் 4 பைட்டில் உட்கார்ந்திருக்கும். இரண்டு வரியில் வேலை முடியும். அடுத்த நூலகப் பதிப்பில் எவரேனும் ஓர் உறுப்பை நுழைத்தால் உங்கள் கருவி எண்ணுக்குப் பதில் குப்பையைக் காட்டும், அதுவும் எண்ணைப் போலவே தெரியும் குப்பையை.

பிப்ரவரி 10, இரவு

கோர் கோப்பில் (நிரல் விழும்போது அதன் நினைவகத்தைப் பிடித்து வைக்கும் கோப்பில்) என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். கோர் கோப்பில் ஒவ்வோர் இழைக்கும் பதிவேடுகளின் நிலையைச் சொல்லும் ஒரு குறிப்பு இருக்கும், அதில் எல்டபிள்யூபி எண்ணும் இருக்கும். ஆகவே கெர்னல் எண் உங்கள் கையில் வந்துவிட்டது. பித்ரெட் மதிப்புக்கு, அந்தப் பதிவேடுகளில் எஃப்எஸ் அடிமுகவரி என்று ஒன்று இருப்பதைப் பாருங்கள். அதுதான் பித்ரெட் மதிப்பு. எந்த நூலகமும் தேவையில்லை. இரண்டு எண்களும் ஒரே குறிப்பில் கிடைத்துவிட்டதால் பொருத்திப் பார்க்கும் அட்டவணை தானாக அமைகிறது. இதைவிட எளிய வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரி 11

நேற்றைய குறிப்பின் கடைசி வாக்கியத்தில் இருந்த பெருமையைப் பாருங்கள். இன்று காலை ஏஆர்ச்64 (64 பிட் ஏஆர்எம்) கணினியில் அதே உத்தியைச் செய்து பார்த்தேன், ஓர் இழைகூடப் பொருந்தவில்லை.

எக்ஸ்86-64-இல் இழைச் சுட்டி (நேற்று சொன்ன எஃப்எஸ் அடிமுகவரி), இழையின் உள்விவரக் கட்டமைப்பின் தொடக்கத்தையே சுட்டுகிறது. பித்ரெட் மதிப்பும் அதே முகவரி என்பதால் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. ஏஆர்ச்64-இல் அந்தக் கட்டமைப்பு இழைச் சுட்டிக்குக் கீழே வைக்கப்படுகிறது. ஆகவே பித்ரெட் மதிப்பு, இழைச் சுட்டியிலிருந்து அந்தக் கட்டமைப்பின் அளவைக் கழித்தால் வருவது. ஒரு குறிப்பிட்ட ஜிலிப்சி-க்கு அந்த வித்தியாசம் எல்லா இழைகளுக்கும் ஒன்றே. எனவே முதன்மை இழையில் மட்டும் இரண்டையும் தெரிந்துகொண்டால் மற்றவற்றைக் கணக்கிடலாம். ஆனால் இதை நான் பரிந்துரைக்கவில்லை. ‘திருட்டு வழி’ என்று முன்பு எழுதியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை.

பிப்ரவரி 14

கேட்டவர் இப்போது அட்டவணையை அமைத்துவிட்டார், அதிலிருந்து ஒரு புதிய புதிர் கிளம்பியிருக்கிறது. நான்கு இழைகள் கொண்ட நிரலில் ரன்டைமின் பட்டியல் எண்கள் 0, 9, 10, 11 என்று இருக்கின்றன. நடுவிலிருந்த எட்டு இழைகள் எங்கே போயின, கருவி அவற்றைத் தவறவிடுகிறதா என்று கேட்கிறார்.

தவறவிடவில்லை. எல்எல்விஎம் ரன்டைமில் மறைமுக உதவி இழைகள் என்று ஒரு கூட்டம் உண்டு. முடிவுக்குக் காத்திருக்காமல் ஜிபியு போன்ற துணைச் சாதனங்களுக்கு அனுப்பப்படும் பணிகளைக் கவனிப்பதற்காக அவற்றை வைத்திருக்கிறார்கள். இயல்பான எண்ணிக்கை 8. அவை உண்மையில் உருவாக்கப்படாவிட்டாலும், பட்டியலில் முதன்மை இழைக்கு அடுத்த எட்டு இடங்கள் அவற்றுக்காகக் காலியாக விடப்படுகின்றன. ஆகவே சாதாரணத் தொழிலாளி இழை 9-இலிருந்து தொடங்குகிறது. பட்டியலை நீங்களே நேரடியாகச் சுற்றி வருவதாக இருந்தால், முதல் வெற்றிடத்தைப் பார்த்ததும் நின்றுவிடாதீர்கள். நான் எழுதிய முதல் கருவி அப்படி நின்று, எந்த நிரலைக் கொடுத்தாலும் ‘இந்த நிரலில் ஒரே இழை’ என்று பெருமையுடன் அறிவித்தது. இந்தச் சிக்கல் வேண்டாம் என்றால், இணைப் பகுதியின் (நிரலில் பல இழைகள் சேர்ந்து ஓடும் பகுதியின்) கைப்பிடியையும் குழு எண்ணையும் கொடுத்து இழைக் கைப்பிடியை வாங்கும் அழைப்பைப் பயன்படுத்தலாம். பட்டியல் எண் உங்கள் கண்ணிலேயே படாது.

இதே பதிலில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உள்ளடுக்கு இணைப் பகுதிகள் இருந்தால் குழு எண் 0 பல இழைகளுக்கு இருக்கும். ஒவ்வோர் உள்குழுவிலும் ஒரு பூச்சியம் உண்டு. இயங்குதள எண்ணைத் தேடி நாம் இவ்வளவு அலைவதே இதனால்தான்.

பிப்ரவரி 17

இன்று ஒரு நண்பர் என்னிடம், ‘இவ்வளவு சுற்றுவதற்குப் பதில் ரன்டைமையே அச்சிடச் சொல்லலாமே’ என்றார். உண்மைதான். ஓப்பன்எம்பி 5.0 முதல், இழைகள் செயலியின் எந்தக் கோரில் ஓடும்படி கட்டப்பட்டிருக்கின்றன என்பதைக் காட்டும் வடிவத்தில் ‘இயங்குதள இழை எண்’ என்று ஒரு புலமே இருக்கிறது. அந்த வடிவத்துக்கான சூழல் மாறியில் சதவீதக் குறியும் ‘ஐ’ என்ற எழுத்தும் போட்டு, காட்டும் வசதியை இயக்கினால் போதும்.

ஆனால் அங்கே வருவது எந்த எண்? எல்எல்விஎம் ரன்டைம் கெர்னலைக் கேட்டு எல்டபிள்யூபி எண்ணை அச்சிடுகிறது. ஜிசிசி கம்பைலரின் ரன்டைம் பித்ரெட் மதிப்பைப் பதினாறடிமானத்தில் அச்சிடுகிறது. ஒரே தரநிலை, ஒரே புலம், ஒரே பெயர், இரண்டு வெவ்வேறு பொருள். இரண்டுமே தரநிலைக்கு உட்பட்டவை. ஒரே பதிவுக் கோப்பை இரண்டு கம்பைலர்களின் வெளியீட்டுக்கும் பொதுவாகப் படிக்கும்படி எழுதியிருந்த என் சிறுநிரல், ஒன்றை ஐந்து இலக்க எண்ணாகவும் மற்றொன்றை ராட்சச எண்ணாகவும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே பத்தியில் வரிசைப்படுத்திக் கொடுத்தது.

இதைப் பார்த்த பிறகு ஓஎம்பிடி-யின் மீது எனக்கு இருந்த எரிச்சல் பெருமளவு குறைந்துவிட்டது. அது கேட்பவரிடம் ‘எந்த வகை, எத்தனை பைட்’ என்று இரண்டு கேள்விகளை முதலில் கேட்கிறது. முதல் நாளில் அது அலுவலகப் படிவம் போலத் தோன்றியது. ‘இயங்குதள இழை எண்’ என்று சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது என்பதை அந்த இடைமுகத்தை வடிவமைத்தவர்கள் அறிந்திருக்கிறார்கள். லினக்ஸுக்கு இரண்டு வகை, விண்டோஸுக்கு ஒரு வகை என்று பிரித்து வைத்து, அந்த எண்ணின் பொருளைத் தாங்கள் அறிந்ததாக நடிக்காமல், வெறும் பைட்களாகக் கைமாற்றுகிறார்கள்.

பிப்ரவரி 18

தலைப்பை மாற்ற வேண்டியிருக்கிறது. எண் நான்கன்று, ஐந்து.

கேட்டவரின் நிரல் கன்டெய்னருக்குள் (மற்ற நிரல்களிலிருந்து பிரித்து வைத்த சூழலுக்குள்) ஓடுகிறது, வழுநீக்கி வெளியிலிருந்து இணைகிறது. நிரல் தானே அச்சிட்ட கெர்னல் எண் ஒன்று. வெளியிலிருந்து ஜிடிபி காட்டும் எல்டபிள்யூபி வேறொன்று. பிராசஸ் எண்களுக்குத் தனிப் பெயர்வெளி இருக்கும்போது ஒரே இழைக்கு உள்ளே ஓர் எண்ணும் வெளியே ஓர் எண்ணும் கெர்னலே கொடுக்கிறது. இரண்டும் உண்மையானவை. வெளியிலிருந்து பிராக் கோப்பு முறைமையில் அந்த இழையின் நிலைக் கோப்பைத் திறந்தால், ‘என்எஸ்பிஐடி’ என்று தொடங்கும் வரியில் பெயர்வெளிக்கு ஓர் எண்ணாக வரிசையாக இருக்கும், கடைசியில் இருப்பது ஆக உள்ளே வழங்கும் எண். லினக்ஸ் 4.1 முதல் இந்த வரி இருக்கிறது.

இங்கேதான் 720 பைட் திருட்டு வழி இன்னொரு முறை காலை வாருகிறது. ஜிலிப்சி தன் கட்டமைப்பில் வைத்திருப்பது உள்ளே வழங்கும் எண். வெளியே நிற்கும் வழுநீக்கிக்கு அந்த எண்ணால் பயனில்லை. அதைவிட மோசம், வெளியில் அதே எண்ணைக் கொண்ட சம்பந்தமில்லாத வேறொரு பிராசஸ் இருக்கலாம். பித்ரெட் மதிப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. அது ஒரு முகவரி, பெயர்வெளியைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. முதல் நாளில் எல்டபிள்யூபி-யைத் தராத நூலகத்தைக் குறை சொன்னோம். தந்திருந்தால் எதைத் தந்திருக்கும் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். நிரலின் நினைவகத்திலிருந்து படிப்பதால் உள்ளே வழங்கும் எண்ணைத்தான் தந்திருக்கும், கருவியும் அதை நம்பியிருக்கும்.

பிப்ரவரி 18, சிறிது நேரம் கழித்து

மேலே உள்ளது கன்டெய்னருக்குள்ளேயே வழுநீக்கியை ஓட்டினால் பொருந்தாது. அப்போது இரண்டு எண்களும் ஒன்றுதான். கேட்டவர் அதையே செய்துவிட்டார் என்பதையும் பதிவு செய்கிறேன். அறிவுள்ளவர்.

பிப்ரவரி 22

அட்டவணையில் சில நேரங்களில் ஓர் இழைக்குப் பித்ரெட் மதிப்பு பூச்சியமாக வருகிறதாம். எப்போது என்று கேட்டேன். இழை தொடங்கும்போது ரன்டைம் அழைக்கும் அந்த வெற்றுச் செயற்கூற்றில் பிரேக்பாயிண்ட் (நிரலை நிறுத்தும் புள்ளி) வைத்து, அங்கே நின்றதும் அடையாளத்தைக் கேட்பதாகச் சொன்னார்.

அந்த வெற்றுச் செயற்கூறு வழுநீக்கிக்காகவே வைக்கப்பட்டது, அங்கே நிற்பதில் தவறில்லை. ஆனால் எல்எல்விஎம் ரன்டைமில் தொழிலாளி இழையின் பித்ரெட் மதிப்பைக் கட்டமைப்பில் எழுதுவது அந்த இழையன்று, அதை உருவாக்கிய இழை. உருவாக்கும் அழைப்பு முடிந்து, கிடைத்த மதிப்பை அது எடுத்து எழுதுவதற்குள் புதிய இழை ஓடத் தொடங்கி உங்கள் பிரேக்பாயிண்டில் வந்து நின்றிருக்கலாம். பிரேக்பாயிண்டில் எல்லா இழைகளும் உறைந்துவிடுவதால், எழுத வேண்டியவரும் கையில் பேனாவோடு உறைந்து நிற்கிறார். குழந்தை பிறந்துவிட்டது, பெயர் இன்னும் பதிவாகவில்லை.

முதன்மை இழைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது தன் மதிப்பைத் தானே கேட்டுத் தானே எழுதுகிறது. தொழிலாளி இழைக்கு, இந்த இடத்தில் நிற்கும்போது ஓஎம்பிடி-யைக் கேட்கவே தேவையில்லை. எந்த இழை நின்றிருக்கிறது என்பது வழுநீக்கிக்கே தெரியும். அதன் எல்டபிள்யூபி-யைக் கொடுத்துக் கைப்பிடியை வாங்கி, அட்டவணையில் அந்த ஜோடியை அங்கேயே எழுதிவிடலாம். அந்த நேரத்தில் ஜிடிஐடி மாறி நிரப்பப்பட்டிருக்கிறதா என்பதைச் சோதித்தேன். பல முறை ஓட்டியும் நிரம்பியே இருந்தது. எதிர்த்திசை அழைப்பு மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது என்று முதல் நாளில் குறையாகச் சொல்லப்பட்டது. இந்த இடத்தில் நமக்கு வேண்டியதும் அதுதான்.

மார்ச் 2

நீண்ட நேரம் ஓடும் நிரல்களில் பழைய அட்டவணையை நம்பலாமா என்ற கேள்விக்கு என் அனுபவம் இது.

ரன்டைம் தன் தொழிலாளி இழைகளை இணைப் பகுதி முடிந்ததும் கொல்வதில்லை. குளத்தில் போட்டு வைத்து அடுத்த பகுதிக்கு எடுத்துக்கொள்கிறது. ஆகவே பித்ரெட் மதிப்பும் எல்டபிள்யூபி-யும் நிலையாக இருக்கும், குழு எண் மட்டும் மாறக்கூடும். இதுவரை நல்ல செய்தி. ஆனால் நிரல் தானே பித்ரெட் இழைகளை உருவாக்கி அவற்றுக்குள் ஓப்பன்எம்பி-யை அழைத்தால், அவை முடிந்து போகும், புதியவை வரும். ஜிலிப்சி முடிந்த இழையின் அடுக்கை (ஸ்டாக் நினைவகத்தை) உடனே விடுவிக்காமல் சேமித்து வைத்து, அடுத்த இழைக்கு அதையே கொடுப்பது வழக்கம். பித்ரெட் மதிப்பு அந்த அடுக்கில் உள்ள முகவரி என்பதால், புதிய இழைக்கு இறந்த இழையின் அதே மதிப்பு வந்து சேரும். எல்டபிள்யூபி எண்ணும் மறுசுழற்சிக்கு உரியதுதான், ஆனால் கெர்னல் எண்களை முழுச் சுற்று வந்த பிறகே திரும்பக் கொடுக்கும். அந்தச் சுற்றின் உச்சவரம்பு 64 பிட் லினக்ஸில் 41,94,304 வரை இருக்கலாம். அட்டவணைக்குச் சாவியாக நான் இப்போது இரண்டையும் சேர்த்தே வைக்கிறேன். நிரல் கிளைப் பிராசஸை உருவாக்கினால் தாயிலும் சேயிலும் பித்ரெட் மதிப்பு ஒன்றாகவே இருக்கும் என்பதால் பிராசஸ் எண்ணையும் சேர்த்திருக்கிறேன்.

கைப்பிடிகளைச் சாவியாக வைக்கவே வைக்காதீர்கள். ஒரே இழைக்கு இரண்டு முறை கேட்டால் இரண்டு வெவ்வேறு சுட்டிகள் வரலாம். ஒன்றா என்று அறிய ஒப்பிடும் செயற்கூறு தனியாக இருக்கிறது. வாங்கிய கைப்பிடியைத் திருப்பிக் கொடுக்கவும் ஒரு செயற்கூறு இருக்கிறது, நான் அதை மறந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கைப்பிடிகளைக் குவித்து, வழுநீக்கியின் நினைவகத்தை ஆராய இன்னொரு வழுநீக்கியைத் திறக்க வேண்டிய நிலைக்குப் போனேன்.

மார்ச் 3

கேட்டவருக்கு இன்று எல்லா அழைப்புகளுக்கும் ‘நிலைக் கண்காணிப்பு தேவை’ என்ற விடை வந்ததாம், நேற்று வரை ஓடிய கருவி. புதிய முனையத்தைத் திறந்தபோது ‘ஓஎம்பி_டீபக்’ சூழல் மாறியை இயக்கத்தில் வைக்க மறந்துவிட்டார். இது எனக்கு மாதம் ஒருமுறை நடக்கும்.

மார்ச் 9

கருவி ஓடுகிறது என்று எழுதியிருக்கிறார். பட்டியலில் ‘இயங்குதள எண்’ என்று இருந்த ஒற்றைப் பத்தியை இரண்டாகப் பிரித்து, ஒன்றின் தலைப்பில் ‘பித்ரெட்’ என்றும் மற்றதில் ‘எல்டபிள்யூபி’ என்றும் எழுதிவிட்டார். பித்ரெட் மதிப்பை ஓஎம்பிடி தருகிறது, எல்டபிள்யூபி-யை ஜிடிபி-யின் இழைப் பொருள் தருகிறது. எண் கிடைக்காத இடத்தில் பூச்சியத்துக்குப் பதில் கோடு போடும்படி சொன்னேன், போட்டிருக்கிறார். ஏஆர்ச்64-இல் கோர் கோப்பைத் திறக்கும்போது மட்டும் பித்ரெட் பத்தி முழுவதும் கோடாக இருக்கிறதாம். என் பிப்ரவரி 10 இரவுக் குறிப்பை நம்பி எழுதிய பகுதி அது.